அடுப்பு மூட்டாத காலைகள்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கொக்குவிலில் ரயில் கடவையைத் தாண்டியதும் நான் குடையை மடக்கிவிடுவேன். வெயில் எப்படிக் கொளுத்தினாலும் சரி. குடைக்குள் புகை மணம் பிடிபடாது என்று எனக்கு ஒரு எண்ணம். மூக்கை நிமிர்த்தி நன்றாக இழுத்துப் பார்ப்பேன். காற்று எங்கள் வீடு இருக்கிற ஒழுங்கைப் பக்கமிருந்து வீசினால் கொஞ்சம் நிம்மதி. ஏதும் நடந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். காற்று மாறி வீசுகிற மாதங்களில் ஒன்றும் தெரியாது. அப்போது ஒழுங்கை திரும்புகிற முடக்கு வரைக்கும் ஓட்டமும் நடையும்தான். நாற்பது தாண்டிய ரீச்சர் ஒருத்தி கொப்பிக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, சந்திக் கடையில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். காரணம் தெரிந்த பிறகு விலகி வழி விட்டார்கள்.

காரணம் இதுதான். என் மச்சாளுக்கு அறளை பெயர்ந்துவிட்டது. பகலில் வீட்டில் தனியாக இருந்தார். சமைக்கிற குசினியோ ஓலைக் குசினி.

வயது போக நினைவு கழன்றுபோவதைத்தான் எங்கள் பக்கத்தில் அறளை பெயர்தல் என்பார்கள். இப்போது டொக்டர்மார் அதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சொல்வது எழுபதுகளின் கதை. அப்போது அதை ஒரு நோய் வருத்தம் என்றுகூட யாரும் கணக்கெடுக்கவில்லை. “மனிசிக்கு வயது போட்டுது, வேறை என்ன” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். போகிறவர்களுக்கு என்ன, எரிந்தால் எரிவது எங்கள் வீடு.

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. தாய் முந்திப் போய்விட, தகப்பனுக்கும் ஐந்து தம்பிமாருக்கும் சமைத்துப் போட்டே தன் காலத்தைக் கழித்தவர். கலியாணம் பேசி வந்தவர்களை எல்லாம் “பெடியள் ஒரு நிலைக்கு வரட்டும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். பெடியள் ஒரு நிலைக்கு வந்து ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். கடைசித் தம்பிதான் என் கணவர். அவருக்குக் கொழும்பில் கந்தோர் உத்தியோகம். மாதத்துக்கு ஒருமுறை இரவு மெயில் ரயிலில் வந்து, சனி ஞாயிறு நின்று, திரும்பிப் போவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆக, அந்தப் பெரிய வளவுக்குள் நானும் மச்சாளும்தான்.

ஐம்பத்தாறாம் ஆண்டு நான் கலியாணம் செய்து வந்த கிழமையே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. வீடு என் கணவருடையது, கிணறு எல்லோருக்கும் பொது, அடுப்பு மச்சாளுடையது. குசினி வீட்டோடு ஒட்டாமல் பின்பக்கம் தனியாக நின்றது. மண் சுவர், பனையோலைக் கூரை. அடுப்புக்கு நேர் மேலே புகட்டு என்கிற பரண். அதில் விறகும் கங்குமட்டையும் காய்ந்துகொண்டிருக்கும். குசினியின் பின்சுவரை ஒட்டினாற்போல் தென்னோலைக் கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு மாட்டுக்கொட்டில், அதுவும் ஓலை. இந்தப் பக்கம் வீட்டுக் கூரையின் மரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பொறி எங்கே விழுந்தால் எங்கே போகும் என்று சொல்ல யாரும் படித்திருக்கத் தேவையில்லை.

மச்சாள் காலையில் முகம் கழுவி, திருநீறு பூசி, ஒரே குச்சியில் அடுப்பை மூட்டுவார். இரண்டாவது குச்சி உரச வேண்டி வந்தால் அன்றைக்கு முழுக்க முகம் சரியில்லை. இரவில் தணலைச் சாம்பலால் மூடி, சுற்றிவரக் கூட்டி, சட்டென்று பற்றுகிற பன்னாடை காவோலை எல்லாவற்றையும் தூர மூலைக்குத் தள்ளி, வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். நான் வந்த புதிதில் ஒருநாள் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுப்புக்குக் கிட்ட வைத்துவிட்டேன்.

“உமக்கு ஓலைக் குசினியிலை புழங்கத் தெரியாதோ? உங்கடை வீட்டிலை ஓட்டுக் குசினி எண்டால் அங்கை உப்பிடி வையும். இஞ்சை ஒரு பொறி போதும்” என்றார்.

அயல்வீட்டுப் பெண்ணும் பார்த்துக்கொண்டு நிற்கத்தக்கதாகச் சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காக நான் பல வருடம் அவரோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தேன். எனக்கும் ரோசத்துக்குக் குறைவில்லை.

என் அம்மாவின் கடைசிக் காலமும் அந்த வீட்டில்தான் முடிந்தது. அளவெட்டியில் இருந்த அம்மாவை, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்று இங்கே கூட்டிவந்து வைத்திருந்தோம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலையில் அம்மா போய்விட்டார். செத்த வீட்டில் பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு எரியக்கூடாது. அயலவர்கள்தான் சமைத்துக் கொண்டுவந்து தருவார்கள். மச்சாள் அன்று குசினி வாசலில் காவல் நின்றார். யாரோ ஒரு சித்தி குழந்தைக்குப் பால் காய்ச்ச நெருப்புக் கேட்டதற்கு, “இந்த வீட்டிலை இண்டைக்கு நெருப்பு இல்லை” என்று சொல்லி அடுத்த வளவுக்கு அனுப்பினார். உலைப்பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வந்த சோற்றைப் பகிர்ந்தார், வந்தவர்களுக்கு வெற்றிலை வைத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் என்னிடம் வந்து ஒரு சொல் சொல்லவில்லை. என் பக்கத்தில் ஒரு நிமிடம் இருக்கவில்லை. அதையும் நான் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட மனுஷிக்குத்தான் இப்படி வந்தது.

முதலில் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். பிறகு பால் பொங்கி அடுப்பை அணைக்கும். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு ஏழு பேருக்கு உலை வைக்கத் தொடங்கினார். பங்கீட்டுக் கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடையில் வரிசையில் நின்று, மரவள்ளிக்கிழங்கும் பாணுமாக வயிற்றைச் சமாளித்த காலம் அது. நான் அளந்து ஒளித்து வைத்ததைத் தேடி எடுத்து ஒரே நாளில் பொங்கி வைத்திருப்பார். ஏன் என்று கேட்டால், “பெடியள் பள்ளிக்குடத்தாலை வரப்போறாங்கள். வந்த உடனை சோறு கேப்பாங்கள்” என்பார். பெடியளில் மூத்தவர் அப்போது பென்சன் எடுத்திருந்தார்.

சோறு போனால் போகட்டும். பிரச்சினை அடுப்பு. மூட்டிவிட்டு மறந்துபோவார். மறந்துவிட்டோம் என்பதையும் மறந்து திரும்ப மூட்டுவார். வெறும் சட்டியை ஏற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் இருப்பார். சட்டி வெடிக்கும். தூர மூலைக்குத் தள்ள வேண்டிய பன்னாடையை அடுப்பு வாய்க்கு முன்னால் குவித்து வைத்துக்கொள்வார். பிறகு தேடி நடக்கத் தேவையில்லை அல்லவா. என்னை ஏசிய அதே மனுஷி.

ஒருநாள் கடவையில் மணம் பிடித்தது. விறகுப் புகை வேறு, ஓலை எரிகிற புகை வேறு. நான் போய்ச் சேர, ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கள் வளவுக்குள் நின்றது. துலாவில் ஒருவர் இறைக்க, வாளி கைமாறி வந்தது. இரண்டு பேர் கொக்கத்தடியால் கூரை ஓலையை இழுத்து விழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கக் கூரையோடு போயிற்று. மச்சாள் தலைமுடி கருகி, கிணற்றடியில் நனைந்த சேலையோடு, நடு முற்றத்தில் நின்று எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தார்.

“ஆர் இந்த வேலை பாத்தது? ஓலைக் குசினியிலை நெருப்போடை விளையாடுதுகள்!”

சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரை போனதற்காக அல்ல. அந்தச் சேலைத் தலைப்பு ஈரமாக இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை. நாட்டு வைத்தியப் பரியாரியார் தலைக்கு வைக்க எண்ணெய் தந்தார். அது மச்சாளின் தலையணையைக் கெடுத்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. மந்திரித்த நூல் கட்டினோம்; அவிழ்த்துப் பூக்கன்றில் கட்டிவிட்டார். ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்தேன். தன் குசினிக்குள் கள்ளி புகுந்துவிட்டாள் என்று மச்சாள் ஏசிய ஏச்சில் அவள் சொல்லாமலே நின்றுவிட்டாள். என் கணவர் கொழும்பில் யோசித்து யோசித்து, அடுத்த முறை வரும்போது ஒரு மண்ணெண்ணெய்க் குக்கர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். ஓலைக் குசினிக்கு மண்ணெண்ணெய்! எங்களை மொத்தமாக எரிப்பதற்கு அதைவிட நல்ல வழி கொழும்பில் கிடைக்கவில்லைப் போலும். வந்த பெட்டியை அவிழ்க்காமலே திருப்பி அனுப்பினேன்.

“ரீச்சர் வேலையை விட்டிட்டு வீட்டிலை இருக்கலாமே” என்றும் சொன்னார்கள். அதைச் சொன்னவர்கள் எல்லோரும் ஆண்கள். பள்ளிக்கூடத்தில்தான் நான் கதிரையில் ஆறுதலாக இருந்தேன். அங்கேதான் ஒருவர் கேட்ட கேள்வியை மற்றவர் திரும்பக் கேட்டார், ஒரே ஆள் நாள் முழுக்கக் கேட்கவில்லை. அதையும் விட்டிருந்தால் அந்த வீட்டில் அறளை பெயர்ந்தவர்கள் இரண்டு பேராகியிருப்போம்.

நெருப்புப்பெட்டியை ஒளித்தேன். நெருப்புப்பெட்டி தட்டுப்பாடான காலம் என்பதால் அது நல்ல உபாயம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஊரில் நெருப்பு கடையில் வாங்குகிற சாமான் மட்டும் இல்லை, இரவல் வாங்குகிற சாமானும்தான். மச்சாள் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள் குனிந்து நுழைந்து, அயல்வீட்டு அடுப்பில் இரண்டு தணல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். காற்றில் பொறி பறக்கப் பறக்க, கிடுகு வேலியை உரசிக்கொண்டு!

நான் அயல்வீட்டுப் பெண்ணிடம் சண்டைக்குப் போனேன்.

“என்ன ரீச்சர், பெரியக்கா வந்து நெருப்புக் கேக்க இல்லையெண்டு சொல்லுறதோ? வெள்ளிக்கிழமையும் இல்லை, விளக்கு வைச்ச நேரமும் இல்லை. நான் என்னெண்டு மறுக்கிறது?” என்றாள்.

அவள் சொன்னதும் சரிதான். பெரியவர் ஒருவர் சிரட்டையோடு வந்து நின்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். பொட்டை முள்ளு வைத்து அடைத்தேன். மச்சாள் வாசல் படலையால் போனார். ஒழுங்கையில் எத்தனை வீடு, எத்தனை அடுப்பு!

கடைசியில் குசினிக்கு ஆமைப்பூட்டுப் போட்டேன். அன்று திரும்பி வந்தபோது விறாந்தைக்கு உள்ளே, சாமிப் படங்களுக்குக் கீழே, சீமெந்து நிலத்தில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விறகு கிடைக்காததால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளை எரித்திருந்தார். மறுநாள் வகுப்பில் போய் நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. “கொப்பி எரிஞ்சு போச்சு” என்றேன். ஒரு பெட்டை எழும்பி, “அப்ப எனக்கு எத்தினை மாக்ஸ் ரீச்சர்?” என்று கேட்டாள். எல்லோருக்கும் நல்ல மாக்ஸ் என்றேன். பூட்டைக் கழற்றி எறிந்தேன். எரிந்தால் குசினி மட்டும் எரியட்டும், வீட்டுக்குள் வேண்டாம்.

அந்த நாட்களில் நான் எவ்வளவு களைத்திருந்தேன் என்று இப்போது எழுதிக் காட்ட முடியவில்லை. நித்திரையிலும் மூக்கு விழித்திருக்கும். மச்சாள் இருட்டோடு எழும்பிக் குசினிக்குப் போவார் என்பதால் நானும் எழும்புவேன். அவரைக் கூட்டிவந்து படுக்கவைத்தால் திரும்பப் போவார். அப்படி ஒரு காலையில் இனி ஏலாது என்று குசினி வாசற்படியில் குந்தி இருந்துவிட்டேன். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு இருந்தேன். மச்சாள் எங்கேயோ வாங்கிய தணலைச் சிரட்டையில் ஏந்திக்கொண்டு வந்தவர், என்னைக் கண்டு நின்றார்.

“என்ன பிள்ளை, விடியக் காலமை தலையிலை கை வைச்சுக்கொண்டு இருக்கிறாய்? ஆர் செத்தது?”

எங்களில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தால் செத்த வீட்டுக் குறி. சும்மா இருக்கும்போது அப்படி இருக்க விடமாட்டார்கள். எனக்கு வந்த எரிச்சலில், வாயில் வந்ததைச் சொன்னேன்.

“என்ரை அம்மா!”

அம்மா செத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். பொய்யென்று சொல்ல முடியாது, கொஞ்சம் பிந்திய செய்தி.

மச்சாள் சிரட்டையைக் கொண்டுபோய்க் கிணற்றடித் தொட்டிக்குள் தாழ்த்தினார். தணல் சுர்ரென்று அணைந்தது. திரும்பி வந்து, ஏற்றியிருந்த உலைப்பானைத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றி, பானையைக் கவிழ்த்து வைத்தார். அடுப்புக்குள் இருந்த விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார்.

“செத்த வீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது” என்று எனக்குச் சொல்லித்தந்தார்.

தகப்பன் செத்ததை மறந்தவர், தம்பிமார் கிழவராகிப்போனதை மறந்தவர், சிலவேளை என்னையே யார் என்று கேட்கிறவர், இதை மறக்கவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து படியில் இருந்தார். என் கைகளைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, தன் கையை வைத்தார். அடுப்படியில் வேலை செய்து காய்த்துப்போன கை.

“அழு பிள்ளை, அழு. தாய் எல்லே. இண்டைக்குப் பள்ளிக்குடம் போகாதை” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அப்படி ஓர் அழுகை வந்தது. அம்மாவுக்கு அழுதேனோ எனக்கே அழுதேனோ, யாருக்குத் தெரியும். அழுது முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பின்னேரம் வந்தபோது அடுப்பு குளிர்ந்துதான் கிடந்தது. மச்சாள் குசினி வாசலில் காவல் இருந்தார்.

மறுநாள் காலை நான் வேண்டுமென்றே போய் அவர் முன்னால் நின்று சொன்னேன். “மச்சாள், அம்மா மோசம் போட்டா.” அன்றும் பானை கவிழ்ந்தது. பிறகு ஒவ்வொரு பள்ளிக்கூட நாளும் சொன்னேன்.

சொல்வதற்கும் ஒரு முறை பழக வேண்டியிருந்தது. பிரேதத்தைத் தேடி அறைக்குள் போய்ப் பார்ப்பார். அதனால் அம்மா ஆஸ்பத்திரியில் செத்துப்போனார், இனித்தான் கொண்டுவருவார்கள் என்று சொல்லப் பழகினேன். எடுத்தாயிற்று என்று ஒருநாள் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே அடுப்பை மெழுகி மூட்ட ஆயத்தமானார். முறை எல்லாம் அவருக்கு அச்சொட்டாகத் தெரிந்திருந்தது. தூரத்துச் சொந்தம் யாரோ என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். “அதுக்கேன் எங்கடை அடுப்பு? துடக்குத் தீட்டெல்லாம் அவையளுக்குத்தானே” என்று மடக்கிவிட்டார். ஆகவே அம்மாவைத் தவிர வேறு வழி இல்லை. பாவம், அம்மாவின் பிரேதம் ஒவ்வொரு நாளும் வழியிலேயே நின்றது.

மச்சாள் எழும்ப முன்னமே நான் இருட்டோடு சமைத்து முடித்து, அடுப்புக்குத் தண்ணீர் தெளித்து, சாம்பலை வழித்து, தணலே இல்லை என்று கையை விட்டுப் பார்ப்பேன். சோற்றை மூடுபெட்டிக்குள் வைத்து, “பக்கத்து வீட்டுக்காரர் தந்தவை” என்பேன். செத்த வீட்டுக்குச் சோறு அயலில் இருந்துதானே வரும். மச்சாள் மத்தியானம் அதைத் தின்றுவிட்டு, “உப்புக் காணாது, ஆனால் குறை சொல்லக்கூடாது” என்பாராம். அயல்வீட்டுப் பெண் எனக்கு வந்து சொல்வாள். அவளும் ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், பெரியக்கா வந்தால் நெருப்புக் கொடுக்க வேண்டாம் என்று. ஆனால் மச்சாள் போகவே இல்லை. செத்த வீட்டுக்காரர் நெருப்புக் கேட்டு வெளியே போகமாட்டார்கள்.

ஒருநாள் அவளே வேலிக்கு மேலால் கேட்டுவிட்டாள்.

“ரீச்சர், குறை நினைக்காதையுங்கோ. செத்த மனிசியை நாளாந்தம் சாக்கொல்லுறியள். பாவம் எல்லே?”

“உன்ரை மாட்டுக்கொட்டில் இன்னும் நிக்குதோ இல்லையோ?” என்று கேட்டேன்.

“நிக்குது.”

“அப்ப பாவம் என்ரை கணக்கிலை கிடக்கட்டும்” என்றேன்.

என் கணவருக்கும் அது பிடிக்கவில்லை. சித்திரை லீவில் வந்து நின்றபோது, “அக்காவை ஒவ்வொரு நாளும் அழவைக்கிறாய்” என்று முகத்தைத் தூக்கினார். “அப்ப நீங்கள் நிண்டு பாருங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை” என்று விட்டுவிட்டேன். முதல் நாள் முழுக்கத் தமக்கையாருக்குப் பின்னால் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்தார். இரண்டாம் நாளும் நடந்தார். அன்று பின்னேரம் வேட்டியில் பொறி விழுந்து ஓட்டை. மூன்றாம் நாள் காலை, நான் முற்றம் கூட்டிக்கொண்டிருக்க, உள்ளே அவர் மெல்லச் சொல்வது கேட்டது. “அக்கா, மாமி மோசம் போட்டா.” சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வெகு நேரம் முகம் கழுவினார்.

மச்சாள் தினமும் துக்கப்பட்டார் என்பது உண்மைதான். ஆனால் அது தன் துக்கமாக இருக்கவில்லை, என் துக்கமாக இருந்தது. என்னைத் தேற்றுவதுதான் அவருக்கு அன்றன்றைய வேலை. தலையைத் தடவுவார். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைப்பார். சிலநாள் என் அம்மாவைப் பற்றி, “அருமையான மனிசி, ஒரு சுடுசொல் வராது” என்பார். நான் பார்த்திருந்த அளவில் அவர்கள் இரண்டு பேரும் பத்து வார்த்தை கதைத்ததில்லை. கடைசியில் எப்போதும் அதே பேச்சு: “இண்டைக்குப் பள்ளிக்குடம் போகாதை.”

“ஓம் மச்சாள்” என்று சொல்லிவிட்டுக் கொப்பிக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நான் ஏங்கத் தொடங்கியிருந்தேன். அந்த நாட்களில் வேறு யாரும் என்னைத் தொட்டு, என்ன பிள்ளை என்று கேட்டதில்லை. எல்லோரும் மச்சாள் எப்படி என்று கேட்டார்கள். நான் எப்படி என்று மச்சாள் மட்டும் கேட்டார். செத்த வீட்டன்று எனக்குத் தராமல் வைத்திருந்ததை, தான் யார் என்றே தெரியாமல் போன பிறகு அள்ளி அள்ளித் தந்தார். வாங்கிக்கொண்டேன். அதற்காக வெட்கப்படவும் இல்லை.

கடைசியாக ஒரு காலையைச் சொல்லி முடிக்கிறேன். மாரி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. தவணைச் சோதனைத் தாள்கள் திருத்த வேண்டியிருந்ததால் பல நாளாகச் சரியான நித்திரை இல்லை. விறகு ஈரம், அடுப்புப் புகைந்தது, சமையல் பிந்திவிட்டது. மச்சாள் எழும்பி வந்து குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோற்றை மூடினேன், அடுப்புக்குத் தண்ணீர் தெளித்தேன், தாள் கட்டை எடுத்தேன், குடையை எடுத்தேன், வெளிக்கிட்டேன். கடவைக்கு வர கேற் பூட்டியிருந்தது. ரயில் வரும்வரை நின்றேன். அப்போதுதான் உறைத்தது. நான் இன்றைக்கு மச்சாளிடம் சொல்லவில்லை.

அடுத்ததும் உறைத்தது. நெருப்புப்பெட்டியை வழக்கம்போல் எடுத்து இடுப்பில் செருகவில்லை. அடுப்புக் கட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஈர விறகு பற்றவில்லை என்று கொண்டுவந்த காவோலைக் கட்டும் அடுப்பு வாய்க்கு முன்னால் கிடந்தது.

குடையை அங்கேயே விட்டேனோ, கையில் கொண்டு ஓடினேனோ தெரியாது. ஒழுங்கை முழுக்கச் சேறு. செருப்பு அறுந்தது. முடக்கில் நின்று மூக்கை நிமிர்த்தினேன். மழை மணம்தான் வந்தது. அதில் நிம்மதி ஒன்றும் இல்லை. மூட்டி நேரம் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். படலையைத் தள்ளிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன்.

மச்சாள் அடுப்புக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். நெருப்புப்பெட்டி அவர் மடியில் கிடந்தது. உலைப்பானை கழுவிக் கவிழ்த்தபடி. காவோலைக் கட்டைத் தூர மூலைக்குத் தள்ளியிருந்தார், முந்திய காலத்தில் செய்வதுபோல். அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“மச்சாள், அடுப்பு மூட்டேல்லையோ?”

புத்தி பேதலித்த விசரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“செத்த வீட்டிலை ஆர் பிள்ளை அடுப்பு மூட்டுவினம்?”

“செத்த வீடு எண்டு ஆர் சொன்னது உங்களுக்கு?”

“ஆர் சொல்லவேணும்? காலமை உன்ரை முகத்தைப் பாத்தன்” என்றார்.

பிறகு நெருப்புப்பெட்டியை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். கொஞ்சம் தள்ளி அரக்கி இருந்து, தன் பக்கத்தில் நிலத்தைக் கையால் துடைத்துவிட்டார்.

“வா, இதிலை இரு. இண்டைக்குப் பள்ளிக்குடம் போகாதை.”

நனைந்த தாள் கட்டை அம்மிக்கு மேல் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு நான் போகவில்லை.